1965 பிப்ரவரியில் இரு அமைச்சர்கள்

மக்கள் கொந்தளிக்கும்போது ஓர் அமைச்சர் என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், எனக்கு சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும்தான் நினைவுக்கு வருகிறார்கள். இந்தியுடன் ஆங்கிலமும் ஆட்சிமொழியாகத் 'தொடரலாம்' என்றுதான் 1963ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதே தவிர, 'தொடரும்' என்று உறுதி கூறவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே 1965 ஜனவரியில் சென்னை மாநில மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். தீக்குளித்தவர்களும் துப்பாக்கிச் சூட்டில் மாண்டவர்களும் உண்டு. முதல்வர் பக்தவத்சலத்தின் அரசு அதனை வெறும் சட்டம் ஒழுங்குச் சிக்கலாகவே கண்டது. பெரும் பிழை அது என்றே இன்றும் கருதுகிறேன்.

மத்திய அமைச்சர்களான இவ்விருவரோ, தம் காங்கிரஸ் கட்சியே மத்தியிலும் மாநிலத்திலும் ஆண்டபோதும், பிப்ரவரி 11 அன்று பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் அதனை ஏற்க விரும்பவில்லை. அன்றிரவே பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் வாக்குறுதி காக்கப்படும் என்று அறிவித்தார். பின்னர் இருவரும் விலகலைத் திரும்பப் பெற்றார்கள்.

அந்த வாக்குறுதிக்குச் சட்ட வடிவம் தரும் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேற 1967 டிசம்பர் ஆயிற்று. அதற்குள் சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சியே போய்விட்டிருந்தது.