‘செட்டில்ட்’ என்று பதிவான கணக்கும் 30,000 ரூபாய் வைப்பும்

திருப்பூரில் பனியன் துணிகளுக்கு அச்சிட்டுக் கொடுக்கும் சிறிய பிரிண்டிங் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். 2023 ஜூன், ஜூலை ஆகிய இரண்டே மாதங்களில் நான்கு வங்கிகளில் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தேன்; நான்கும் நிராகரிக்கப்பட்டன. வருமான வரிக் கணக்கு ஒழுங்காகத் தாக்கல் செய்திருந்தேன், நடப்புக் கணக்கிலும் வரவு செலவு நன்றாகவே இருந்தது. அதனால் வருமானம் போதவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு, அடுத்தடுத்த வங்கிக்கு விண்ணப்பம் போட்டேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். ஒவ்வொரு விண்ணப்பத்தின்போதும் வங்கி, நாம் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் கடன் அறிக்கையைக் கேட்டுப் பெறுகிறது. அந்த விசாரணைகள் அறிக்கையில் பதிவாகின்றன. குறுகிய காலத்தில் அவை குவிந்தால், கடனுக்காக அலைகிறவர் என்ற தோற்றத்தையே அது தருகிறது.

ஒரு விண்ணப்பத்தை நிராகரித்தால் அதற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது கிரெடிட் கார்டுகளுக்கான ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளில் உள்ளது. அதைக் குறிப்பிட்டு நான்கு வங்கிகளுக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு வங்கியின் பதிலில்தான், என் பழைய கார்டு கணக்கு ஒன்று ‘செட்டில்ட்’, அதாவது பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு முடிக்கப்பட்டது, என்று பதிவாகியிருப்பதே காரணம் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள்.

அந்தக் கார்டை 2019இல் வாங்கியிருந்தேன். 2020 ஊரடங்கில் பட்டறை மூடிக் கிடந்தபோது, ஆகஸ்டு 31 வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டு இரண்டாவது அலையிலும் வேலை நின்றுபோக, நிலுவை 92,000 ரூபாயாக வளர்ந்தது. வசூலுக்கு வந்தவர் 45,000 ரூபாயை ஒரே தடவையில் கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் என்றார். நகையை அடகு வைத்துக் கட்டினேன். கைக்கு வந்த கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கடன் தீர்ந்தது என்று இரண்டு ஆண்டுகள் நிம்மதியாக இருந்தேன்.

இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் அவற்றின் சொந்த இணையதளங்களிலேயே தரவிறக்கினேன். 300 முதல் 900 வரையிலான அளவுகோலில் என் சிபில் மதிப்பெண் 588. அதைப் பார்த்துவிட்டு அறிக்கையை மூடியிருந்தால் எதுவும் மாறியிருக்காது. கீழே ஒவ்வொரு கணக்குக்கும் மாதவாரியாக எத்தனை நாள் தாமதம் என்று கட்டம் கட்டமாகக் காட்டியிருந்தார்கள்; சிக்கல் முழுவதும் அங்கேதான் இருந்தது. கார்டு கணக்கின் கட்டங்களில் 30, 60, 90 என்று எண்கள் ஏறிக்கொண்டே போயிருந்தன. அதற்குக் கீழே, பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டி முடித்த இருசக்கர வாகனக் கடன் ஒன்று 3,400 ரூபாய் நிலுவையோடு இன்னும் உயிரோடு இருந்தது.

வாகனக் கடன் எளிதாகத் தீர்ந்தது. பீரோவில் இருந்த, கடன் தீர்ந்ததற்கான என்.ஓ.சி.யை (தடையில்லாச் சான்று) தேடி எடுத்து, கடன் தகவல் நிறுவனத்திடம் இணையவழியில் புகார் பதிந்தேன். கடன் கொடுத்த நிறுவனம் உறுதிசெய்த பிறகே பதிவு திருத்தப்படும் என்பதால் அந்த நிறுவனத்துக்கும் தனியாக எழுதினேன். மூன்று வாரத்தில் கணக்கு முடிந்ததாக மாறியது. இப்போது 30 நாள்களுக்குள் புகார் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் உள்ளது.

கார்டு கணக்குக்குத்தான் வழி தெரியவில்லை. எட்டாயிரம் ரூபாய் கொடுத்தால் ஒரே மாதத்தில் மதிப்பெண்ணை 750 ஆக்கித் தருவதாக ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். உண்மையான பதிவை எந்த இடைத்தரகராலும் அழிக்க முடியாது. தயவுசெய்து யாரும் இதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். எனக்கு நடப்புக் கணக்கு இருக்கும் கிளையின் மேலாளர் அம்மையார் அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு, “சார், நீங்க பணம் கட்டினது உண்மைதான். ஆனா பாக்கிய வங்கி விட்டுக்கொடுத்திருக்கு, நீங்க தீர்க்கல. அறிக்கை அதைத்தான் சொல்லுது” என்றார். விட்டுக்கொடுத்த தொகையை இப்போதாவது கட்டிவிட்டு, பாக்கி இல்லை என்னும் நோ டியூ சான்றிதழ் பெற்று, கணக்கை ‘குளோஸ்டு’ (முழுதும் கட்டி முடித்தது) என்று மாற்றித் தருமாறு கேட்கலாம் என்று வழிகாட்டியவரும் அவரே.

பழைய வங்கி முதலில் புதிய வட்டியும் சேர்த்துக் கேட்டது. அன்று விட்டுக்கொடுத்த 47,000 ரூபாயை மட்டுமே ஏற்க வேண்டும் என்று மூன்று கடிதங்கள் எழுதிய பிறகு சம்மதித்தார்கள். பதிவை மாற்றித் தருவோம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் பணம் கட்டினேன். என் மனைவி இரண்டு ஆண்டுகளாகப் போட்டுவந்த சீட்டுப் பணம் அதற்குத்தான் போயிற்று. பதிவு மாற மேலும் இரண்டு மாதங்கள் ஆயின. தாமதக் கட்டங்கள் அப்படியே இருந்தன, நடந்தது நடந்ததுதான்.

அப்போதும் மதிப்பெண் 640ஐ எட்டவில்லை. உயிரோடு இருக்கும் கடன் கணக்கு ஒன்றுகூட இல்லாததால், நான் இப்போது ஒழுங்காகக் கட்டுகிறேன் என்பதைக் காட்டவே வழியில்லை. 2024 ஜனவரியில் என் நடப்புக் கணக்கு இருக்கும் கிளையில் 30,000 ரூபாய் நிரந்தர வைப்பு போட்டு, அதன்மீது கிரெடிட் கார்டு வாங்கினேன். வைப்பில் 80 விழுக்காடு, அதாவது 24,000 ரூபாய் வரம்பு. வைப்புக்கு வட்டி வழக்கம்போல் வரும். கார்டு இருக்கும்வரை அதை உடைக்க முடியாது. கட்டத் தவறினால் வங்கி வைப்பில் இருந்து எடுத்துக்கொள்ளும் என்பதோடு, தாமதமும் அறிக்கையில் ஏறும். கையெழுத்திடும் முன், இந்தக் கார்டின் விவரம் நான்கு நிறுவனங்களுக்கும் போகிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டேன். போகாவிட்டால் நம் நோக்கத்துக்கு அந்தக் கார்டால் பயனில்லை.

பயன்படுத்துவதில்தான் அதிகக் கவனம் தேவைப்பட்டது. மின்கட்டணம், கைபேசிக் கட்டணம், பெட்ரோல் ஆகியவற்றுக்கு மட்டும் தேய்த்தேன். வரம்பில் 30 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பதால், மாதம் 7,000 ரூபாயோடு நிறுத்திக்கொண்டேன். வங்கி விவரம் அனுப்பும் நாளில் உள்ள பாக்கியே அறிக்கையில் ஏறுகிறது. எனவே செலவு கூடிய மாதங்களில் கெடு தேதி வரை காத்திராமல் முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடுவேன். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவது என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. என் கார்டுக்கு மாதம் மூன்றரை விழுக்காடு வட்டி, ஆண்டுக்கு 42. ஏ.டி.எம்.மில் ஒரு முறைகூடப் பணம் எடுக்கவில்லை, ஏனெனில் அதற்கு எடுத்த நாளில் இருந்தே வட்டி ஓடும். இந்தக் காலம் முழுவதும் வேறெங்கும் விண்ணப்பிக்கவும் இல்லை.

முதல் மூன்று மாதங்கள் மதிப்பெண் அசையவே இல்லை. மனம் சோர்ந்துபோய், கார்டை ஒப்படைத்து வைப்பையும் முடித்துப் பட்டறைக்கு மை வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஐந்தாவது மாதம் சற்று நகர்ந்தது. ஓராண்டு முடிந்து 2025 பிப்ரவரியில் பார்த்தபோது 702, மே மாதத்தில் 731. மேலாளர் அம்மையார் சொன்ன பிறகு, ஜூனில் ஒரே ஒரு வங்கியில் மட்டும் விண்ணப்பித்தேன். ஒன்பதாம் நாள் 60,000 ரூபாய் வரம்போடு வைப்பில்லாத கார்டு அனுமதிக்கப்பட்டது.

வைப்பின்மீது வாங்கிய கார்டை நான் மூடவில்லை. ஒன்றரை ஆண்டு ஒழுங்காகக் கட்டிய கணக்கு அது ஒன்றுதான். 30,000 ரூபாய் வைப்பும் அந்தக் கிளையிலேயே இருக்கிறது.