வைரஸ் ஃபில்டரை நிரூபிக்கப் பட்ட பாடு

நான் ஆன்டிபாடி (நோயெதிர்ப்புப் புரதம்) மருந்து தயாரிக்கும் இடத்தில், சுத்திகரிப்புப் பிரிவில் இருக்கிறேன். மருந்தைச் சுரப்பவை சிஎச்ஓ செல்கள், அதாவது சீன ஹாம்ஸ்டரின் சினைப்பையிலிருந்து வந்தவை. இவை தாமாகவே ரெட்ரோவைரஸ் போன்ற துகள்களை வெளியிடும், அது போதாதென்று மூலப்பொருள் வழியாக எலியின் பார்வோவைரஸும் நுழையலாம். முதல் வகையை அமிலத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் செயலிழந்துவிடும். பார்வோவுக்கு மேலுறை கிடையாது, அமிலத்துக்கெல்லாம் அசையாது, அளவோ சுமார் 20 நானோமீட்டர்தான். எங்கள் ஆன்டிபாடி சுமார் 10. மருந்தை விட்டுவிட்டு வைரஸை மட்டும் பிடிக்கும் வைரஸ் ஃபில்டரே அந்தச் சின்ன அளவு வித்தியாசத்தை நம்பித்தான் நிற்கிறது.

வடிகட்டுவது பெரிய விஷயமில்லை, நிரூபிப்பதுதான் பாடு. தொழிற்சாலைக்குள் வைரஸைக் கொண்டுவர முடியாது என்பதால் வெளி ஆய்வகத்தில், சில சதுர சென்டிமீட்டர் ஃபில்டரில், மருந்துக் கரைசலோடு வேண்டுமென்றே வைரஸைக் கலந்து ஓட்ட வேண்டும். முதல் ஓட்டத்திலேயே வேகம் சரசரவென்று இறங்கிவிட்டது. வைரஸ் கலக்காத கரைசல் அதே ஃபில்டரில் ஒழுங்காக ஓடியது, ஆக அடைத்தது எங்கள் புரதம் இல்லை, வைரஸை வளர்க்கப் பயன்பட்ட செல்களின் குப்பை. இன்னும் சுத்தமான வைரஸ் வாங்கி, கலக்கும் அளவையும் குறைத்தோம். ரொம்பக் குறைக்கவும் முடியாது, உள்ளே போட்டதைவிட அதிகமாக நீக்கினோம் என்று யாரும் காட்ட முடியாதே!

அப்புறம் இடைநிறுத்தம். மருந்து தீர்ந்து, கழுவும் கரைசலுக்கு (பஃபர்) மாற்றும்போது சில நிமிடம் பிரஷர் பூஜ்யமாகும். ஓட்டம் இருக்கும்வரை துளைகளுக்குள் அழுந்திக் கிடந்த வைரஸ், நின்றதும் அலைந்து நகர்ந்து, மறுபடி தள்ளும்போது வெளியே வரலாம். அதையும் சோதனையில் சேர்த்தோம், வந்தது. சரி, மொத்தக் கணக்கில் 4 லாக்குக்கு மேலேயே நின்றது, அதாவது பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் தப்பியது. ஆனாலும் பேட்ச் பதிவேட்டில் நிறுத்தத்துக்கு உச்சவரம்பு எழுதிவிட்டோம், ஆய்வகத்தில் எவ்வளவு நேரம் நிறுத்திப் பார்த்தோமோ அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு இதில் எங்கள் மேல் கோபம்தான்.

நீங்களும் இந்த வேலையில் இறங்கினால், ஆய்வகத்தில் தேதி வாங்குவதற்கு முன்பே, அந்த ஆய்வகத்தின் வைரஸ் எவ்வளவு சுத்தம் என்று கேட்டு, கொஞ்சத்தை உங்கள் கரைசலோடு அங்கேயே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.