செம்மறிக் குட்டிகளுக்குப் புல்லும் மசாலும்: பத்து வாரக் கணக்கு

காங்கயம் பக்கம் எங்கள் கொறங்காட்டில் (வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்) கொழுக்கட்டைப் புல் தழைத்து நின்ற கார்த்திகை முதல் வாரத்தில் ஆரம்பித்தேன். பால் மறந்த மேச்சேரி இனச் செம்மறிக் குட்டிகள் 8, வயது மூன்று மாதம், சராசரி எடை 11.2 கிலோ. வாரம் ஒருநாள் காலையில், வெறும் வயிற்றில், கழுத்து வரை சாக்குக்குள் இறக்கித் தொங்கு தராசில் மாட்டுவேன். துள்ளுகிற துள்ளலில் முள் நிற்கவே நிற்காது. நின்ற மாதிரி தோன்றும்போது எழுதிக்கொள்வதுதான்.

முதல் நாலு வாரம் காலையில் கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப் புல், மாலையில் இரண்டு மணி நேரம் மேய்ச்சல். தானியம், பிண்ணாக்கு மாதிரி அடர்தீவனம் கிடையாது. சராசரி 12.4-க்கு வந்தது. நாளுக்கு 43 கிராம். மேச்சேரிக்கு இது போதாது.

மார்கழியில் பயறுவகைத் தீவனமான மசாலைச் சேர்த்தேன். ஆடியில் விதைத்த வேலிமசால் இரண்டாவது வெட்டுக்கு வந்திருந்தது. கிணற்று மேட்டில் கொஞ்சம் குதிரைமசாலும் உண்டு. இரண்டு பங்கு புல், ஒரு பங்கு மசால் என்று எடை போட்டு வைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் 13.0. அதே 43 கிராம்! தராசு மேல் சந்தேகம் வந்துவிட்டது.

காரணம் தீவனத் தொட்டியிலேயே கிடந்தது. வேலிமசால் குச்சியை வாயில் வைத்து, ஈர்க்கிலிருந்து ஓலையை உருவுகிற மாதிரி இலையை மட்டும் உருவிவிட்டு நகர்கின்றன. பெரிய கிடாய்க்குட்டிகள் இரண்டும் முதலில் வந்து இலையை முடித்துவிடும். மற்ற ஆறுக்கும் தடித்த புல்தண்டும் மசால் குச்சியும்தான். நான் போட்ட 2:1 எந்தக் குட்டியின் வயிற்றிலும் இல்லை. மீதியை எடை போட்டேன்: 12 கிலோ வைத்ததில் 4 கிலோவுக்கு மேல் அப்படியே கிடந்தது.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. பனி இறங்கிய ஒரு விடியலில், அவசரமாக வெளியே போக வேண்டியிருந்ததால், குதிரைமசாலை ஈரத்தோடு அறுத்துப் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு பெட்டைக்குட்டிக்கு இடது பக்கப் பசிக்குழி, அதாவது விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள பள்ளம், மேடாகிவிட்டது. தட்டினால் பறை மாதிரி சத்தம். கால்நடை மருத்துவரைக் கைபேசியில் பிடித்து, அவர் சொன்னபடி 50 மில்லி நல்லெண்ணெய் புகட்டினேன். “தலையை ரொம்பத் தூக்காதீங்க, புரையேறிடும்” என்றார். அப்புறம் மெல்ல நடக்கவிட்டதில் இறங்கியது. பக்கத்துக் காட்டுப் பெரியப்பா, “ஏங்கண்ணு, வெயில் ஏறாம மசால ஆட்டுக்குப் போடுவாங்களா?” என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். வேலிமசாலில் துவர்ப்பு இருப்பதால் இப்படி வயிற்றில் நுரை கட்டி ஊதுகிற உப்புசம் வருவதில்லை. குதிரைமசாலில்தான் கவனம் வேண்டும்.

இப்போது முறை வேறு. முந்தின நாள் மதியமே வெட்டி நிழலில் பரப்பி வாடவிடுகிறேன். பச்சைப் புல்லில் நூற்றுக்கு 80 பங்கு தண்ணீர். 12 கிலோ குட்டிக்கு நாளுக்கு அரைக் கிலோ காய்ந்த எடையாவது உள்ளே போக வேண்டும். வெட்டியவுடனே போட்டால் அதற்கு இரண்டரைக் கிலோ தின்ன வேண்டும். அந்தச் சின்ன வயிற்றில் எங்கே போகும்? வாடினதை இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கி, புல்லையும் மசாலையும் கையால் பிசறிக் கலந்து, இரண்டு வேளையாக வைக்கிறேன். பெரிய கிடாய்கள் இரண்டுக்கும் தனித் தடுப்பு. தாது உப்புக் கட்டி ஒன்று தொங்குகிறது.

மீதி ஒரு கிலோவுக்குள் வந்துவிட்டது. நாலு வாரத்தில் சராசரி 15.1 கிலோ, அதாவது நாளுக்கு 75 கிராம். பங்கு அதே 2:1தான்.

நறுக்குகிற வேலைதான் முதுகை ஒடிக்கிறது, தினமும் முக்கால் மணி நேரம். எட்டில் ஒன்று மட்டும் 12 கிலோவிலேயே நிற்கிறது, கழிச்சலும் இருக்கிறது. புழுவாக இருக்கும் என்று நினைக்கிறேன். நாளைக்குச் சாணத்தை மருந்தகத்துக்குக் கொண்டு போய்க் காட்ட வேண்டும்.