மைசூர் இன்டர்வியூவும் ஏஎன்-32 ராம்பும்

விமானப்படை அதிகாரித் தேர்வின் மெரிட் லிஸ்டில் என் பெயர் வந்துவிட்டது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மைசூர் ஏஎஃப்எஸ்பி-க்கு (விமானப்படைத் தேர்வு வாரியம்) காத்திருக்கும் தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். பிபிடிடி (படம் பார்த்துக் கதை எழுதிப் பேசுவது), ஜிடிஓ (குழுச் சோதனைகள்) எல்லாம் உங்களுக்கே தெரியும். டெக்னிக்கல் பிராஞ்ச் இன்டர்வியூ பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரஃபேல், சுகோய் எல்லோரும் படிக்கிறார்கள். நான் டிரான்ஸ்போர்ட் விமானத்தை எடுத்தேன். அதிலும் சரக்கு ஏற்றி இறக்கும் ஏற்பாட்டை மட்டும் ஆழமாகப் படித்தேன். என்னைத் தேர்வாக்கியது அதுதான். கோச்சிங் நோட்ஸில் வெறும் எண்கள்தான் இருக்கும். ஆபீசர் எண்ணைக் கேட்ட கையோடு “ஏன்?” என்பார்.

இறக்கை ஏன் மேலே? இறக்கையின் ஸ்பார் (அதைத் தாங்கும் உள் உத்தரம்) சரக்கு அறைக்குள் குறுக்கிடக் கூடாது, தரையும் தாழ்வாக இருக்க வேண்டும். பல டிரான்ஸ்போர்ட் விமானங்களில் சக்கரங்கள் பக்கவாட்டுப் புடைப்புகளுக்குள் மடங்குவதும் அறையின் இடத்தைத் தின்னாமல் இருக்கத்தான்.

ஏஎன்-32 விமானத்தின் ராம்பில் (பின்பக்கச் சாய்வுக் கதவு) என்ன விசேஷம்? தரையில் இறக்கினால் ஜீப்பை ஓட்டியே ஏற்றலாம். அதையே வயிற்றுக்கு அடியில் முன்னால் நகர்த்திவிட்டால், லாரி ரிவர்ஸில் வந்து ஒட்டி நிற்கும். சரக்கை நேராக உள்ளே தள்ளலாம். பழைய அவ்ரோ விமானத்தில் பின்பக்க ராம்பே கிடையாது. அதன் இடத்துக்குத்தான் 2021 ஒப்பந்தப்படி 56 சி-295 விமானங்கள் வருகின்றன.

அப்புறம், கட்டுவது. இதை விடவே விடாதீர்கள். அமெரிக்கக் கணக்கில் சரக்கை முன்பக்கம் 3ஜி (அதன் எடையைப் போல் 3 மடங்கு விசை), பின்னாலும் பக்கவாட்டிலும் 1.5ஜி, மேல்நோக்கி 2ஜி தாங்கும்படி கட்ட வேண்டும். முன்பக்கம் ஏன் அதிகம் என்றார் ஆபீசர். கேரட் லாரியைச் சொன்னேன். மேட்டுப்பாளையம் இறங்கும்போது பிரேக் போட்டால் மூட்டைகள் கேபினைத்தான் இடிக்கும். சித்தப்பா முன்பலகையை ஒட்டி இடைவெளி விடாமல் அடுக்கி, முடிச்சை முழங்காலால் அழுத்தித்தான் இறுக்குவார்.

பின்னால் நழுவினால்? 2013-இல் பாக்ராமில் 747 சரக்கு விமானம் எழும்பும்போது கட்டு அறுந்த கவச வண்டி பின்னால் போய் ஹைட்ராலிக் அமைப்பையும் வால் ஸ்டெபிலைசரின் (விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்க உதவும் வால் இறக்கை) இயக்கத்தையும் உடைத்தது. 7 பேர் இறந்தார்கள்.

கடைசி நாள் பார்வைக்கு:
- சி-17: 18 பேலட் (சரக்கு அடுக்கும் தட்டு), சுமார் 77 டன். தரை ரோலர்களைப் புரட்டிப் போட்டால் வண்டிக்குச் சமதளம்.
- நம் சி-130ஜே நீளமான வகை: 8 பேலட்.
- ஐஎல்-76: கூரைத் தண்டவாளத்தில் ஓடும் தூக்கிகள், தரையில் வின்ச் (வடத்தால் இழுக்கும் இயந்திரம்). வெளிக் கிரேன் இல்லாத இடத்திலும் வேலை நடக்கும்.
- 463எல் (அமெரிக்க ராணுவத்தின் வழக்கமான பேலட்): 88 × 108 அங்குலம், 4.5 டன் வரை.

எல்லாவற்றையும் பேசாமல் படமாக வரையப் பழகுங்கள். பேனா கேட்டால் ஆபீசர் தருகிறார்.

ஊட்டியிலிருந்து போகிறவர்கள் முந்தின நாள் காலையிலேயே பஸ் ஏறிவிடுங்கள். வழியில் பந்திப்பூர் காட்டில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது.