பெட்ஃபோர்டில் ஒரு மருந்துக்கடை

ரோனோக்கிலிருந்து கிழக்கே முக்கால் மணி நேரம் கார் ஓட்டினால் பெட்ஃபோர்டு. வர்ஜீனியாவின் சின்ன ஊர். பின்னணியில் புளூ ரிட்ஜ் மலைகள். பெரும்பாலானோர் மேட்டிலிருக்கும் டி-டே நினைவகத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டி கரையில் இறங்கிய 1944 ஜூன் 6தான் டி-டே. நாங்களும் முதலில் அங்கேதான் போனோம்.

2001 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டது அது. வளைவின் உயரம் 44 அடி 6 அங்குலம். 44ஆம் ஆண்டு, 6ஆம் மாதம் என்று படித்துக்கொள்ளலாம். அதன் எதிரே ஒரு குளம். வெண்கல வீரர்கள் கரையேறத் தவிக்கிறார்கள். அவர்களைச் சுற்றி அங்கங்கே தண்ணீர் சட்டென்று தெறிக்கிறது. மீன் துள்ளுகிறதோ என்று பார்த்தேன். துப்பாக்கிக் குண்டு விழுவதாம். அதன்பின் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவே இல்லை.

இந்த ஊரில் ஏன் நினைவகம்? போருக்கு முன் இங்கத்துப் பையன்கள் பலர் நேஷனல் கார்டு என்ற பகுதிநேரப் படையில் சேர்ந்திருந்தார்கள். வாரம் ஒரு பயிற்சி, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. 1941 பிப்ரவரியில், அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே, 'ஏ' கம்பெனி என்ற அவர்களுடைய படைப்பிரிவு அப்படியே ராணுவத்தோடு சேர்ந்தது. ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், அண்ணன் தம்பிகள், எல்லோரும் ஒரே கம்பெனியில். டி-டே அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் முதலில் இறங்கிய படைகளோடு இறங்கினார்கள். மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஊர், அந்த ஒரு நாளில் இருபது பேர் வரை இழந்தது.

ஆனால் ஊருக்கு அது உடனே தெரியாது. அதுதான் என்னை உலுக்கியது. ஐந்து வாரத்துக்கும் மேலாக அம்மாக்கள் கடிதம் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

கீழே ஊருக்குள் கிரீன்ஸ் மருந்துக்கடை இருந்த கட்டடத்துக்கு நடந்தோம். மருந்தும் சோடாவும் விற்ற கடை. தந்தி இயந்திரமும் அங்கேதான். 1944 ஜூலை 17, திங்கட்கிழமை. காலையில் இயந்திரத்தைப் போட்ட இளம்பெண்ணின் முன் மரணச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. முகவரிகள் எல்லாம் அவளுக்குப் பழக்கமான வீடுகள். ஷெரிப், டாக்ஸிக்காரர் என்று கிடைத்தவர்களிடமெல்லாம் கொடுத்தனுப்பினாள். வாசலில் நின்றபோது அந்தப் பெண்ணின் கைகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹோபேக் குடும்பத்துக்கு இரண்டு தந்திகள், அடுத்தடுத்த நாட்களில். இரண்டு மகன்களும் போய்விட்டார்கள். சில நாள் கழித்து ஒரு பார்சல் வந்தது. மணலில் கிடந்ததை யாரோ ஒரு சிப்பாய் எடுத்து அனுப்பியிருந்தார்: சின்னவன் ரேமண்டின் பைபிள். 1938 கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு அம்மா கொடுத்தது. அவன் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.