அஸ்வாப் தேர்வுக்குச் சொற்கள் படிக்கிறவர்களுக்கு

அமெரிக்க ராணுவத்தில் சேர அஸ்வாப் எழுதப் போகிறவர்கள் பலரும் கணக்கிலேயே மூழ்கிக் கிடந்துவிட்டு, ஆங்கிலச் சொற்களைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். படையில் சேரத் தகுதி உண்டா என்று பார்க்கிற ஏ.எஃப்.க்யூ.டி. மதிப்பெண்ணில், சொல்லறிவும் பத்தி வாசிப்பும் சேர்ந்த மொழிப் பகுதியை இரண்டு மடங்காகக் கணக்கில் எடுக்கிறார்கள். தாளில் எழுதினால் சொல்லறிவுக்கு 11 நிமிடத்தில் 35 கேள்விகள், அதாவது ஒன்றுக்கு 20 நொடிகூடக் கிடையாது.

அகராதியை வரிசையாக மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. வேர்களைப் பிடியுங்கள். 'பெனி' என்று தொடங்கினால் பெரும்பாலும் நல்லது, 'மல்' என்றால் கெட்டது. பெனவலன்ட் (நல்லெண்ணம் கொண்ட), மலவலன்ட் (கெட்ட எண்ணம் கொண்ட) இரண்டையும் முன்பின் பார்த்திராவிட்டாலும், நான்கு விடைகளில் பொருந்தாததைச் சட்டென்று தள்ளிவிடலாம். எந்த வேரும் பிடிபடாத சொற்களும் வரும், அவற்றை மட்டும் உருப்போடுங்கள், போதும்.

அப்புறம், சொல்லைத் தனியாக எழுதி வைக்காமல் ஒரு வாக்கியத்தோடு எழுதி வையுங்கள், ஏனென்றால் சில கேள்விகளில் சொல் ஒரு வாக்கியத்துக்குள்தான் வரும். கணினியில் எழுதுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பதிவு செய்துவிட்ட விடையைத் திரும்பப் போய் மாற்ற முடியாது, அதனால் வீட்டில் பழகும்போதே கடிகாரத்தை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் எழுதிப் பழகுங்கள்.