சப்பாத்துப் பெட்டிக்குள் ஆங்கிலச் சொற்கள்

அடிப்படை 2,000 ஆங்கிலச் சொற்கள் கைவசம் உள்ளவருக்கு அடுத்த படி, மொழியியலாளர் எவ்ரில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல். 570 சொற்குடும்பங்கள் (ஒரு மூலச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் ஒரு குடும்பம்), பத்துத் துணைப்பட்டியல்கள்; முதல் ஒன்பதில் ஒவ்வொன்றிலும் 60 குடும்பங்கள், கடைசியில் 30. அதற்கு மேல் ஆங்கில நாளேட்டின் தலையங்கம் இருக்கிறது. ஒரு தலையங்கத்துக்கு மூன்று சொல் போதும்.

22க்கு 28 அங்குலப் பிறிஸ்டல் போட்டை இரு பக்கமும் எட்டாக வெட்டினால் சொற்களை எழுத 64 அட்டை. மார்க்கர் வேண்டாம், மை ஊறி மறுபக்கம் விடை தெரிந்துவிடும். போல்பொயின்ற் பேனை நல்லது. சப்பாத்துப் பெட்டியை மட்டையால் ஐந்து அறையாகத் தடுத்தால் அட்டைகளை இடைவெளி விட்டு மீட்டும் லைட்னர் பெட்டி தயார். முதலறை 1 நாள், அடுத்தவை 2, 4, 8, 16 நாள் இடைவெளி. சரியென்றால் அடுத்த அறை, பிழையென்றால் திரும்ப முதலறை.

நாளுக்கு 15 புதிய சொல் போட்டுப் பார்த்தது தாங்கவில்லை. காரணம் கணக்கில் இருக்கிறது: ஒரு பிழையும் விடாவிட்டால்கூட 31 நாள் கழிந்ததும் நாளாந்த மீட்டல் 75 அட்டைக்கு ஏறிவிடும். பிழைகள் அதற்கு மேல். எட்டாகக் குறைத்தால் 40. கால் மணித்தியாலத்தில் முடியும், 570உம் 72 நாளில் பெட்டிக்குள் வந்துவிடும்.

மிகப் பெரிய பிழை, அட்டையின் பின்னால் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிவைப்பது. 'மிற்றிகேற்' என்றால் தணித்தல் என்று எழுதுகிறோம். தமிழில் தாகமும் தணியும், வெள்ளத்தின் பாதிப்பையும் தணிக்கலாம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லோடு ஒட்டுபவை ஆபத்து, பாதிப்பு, தண்டனை போன்றவைதான். தாகத்துக்கு 'குவெஞ்ச்' என்று வேறு சொல் இருக்கிறது. 'நுணுக்கமான' இன்னும் சிக்கல். கணக்குக் கொப்பியை வரிவரியாகச் சரிபார்ப்பவர் 'மெற்றிக்யுலஸ்', கோயில் தேரின் மரவேலை 'இன்ரிக்கற்', இரு நிறங்களுக்கிடையிலான மெல்லிய வேறுபாடு 'சற்றில்'. தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல், ஆங்கிலத்தில் ஒன்றின் இடத்தில் மற்றது நிற்காது. ஆகவே முன்பக்கம் தமிழ்க் குறிப்போடு, சொல்லுக்கு இடம் விட்ட ஒரு முழு ஆங்கில வசனம்; பின்பக்கம் சொல்லும், அதோடு வழக்கமாக வரும் இரண்டு பெயர்ச்சொற்களும். எழுத நேரம் இரட்டிப்பாகும், ஆனால் அதைச் சுருக்கக் கூடாது.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்கும் பழக்கமும் ஆபத்து. உருக்கத்தைக் குறிக்கும் 'பேதோஸ்' (pathos), உயர்ந்த நடை சட்டென அற்பத்துக்குச் சறுக்குவதைக் குறிக்கும் 'பேதோஸ்' (bathos) இரண்டும் நம் எழுத்தில் ஒன்றாகிவிடும். முன்னது பம்பரத்தின் முதல் 'ப', பின்னது அதே சொல்லின் இரண்டாவது 'ப'. ஆங்கில எழுத்திலேயே எழுதி, அழுத்தம் விழும் அசையின் கீழ் கோடு போடுங்கள்.

இப்படி ஒலியில் நெருங்கிய சோடிகளை ஒரே நாளில் படிக்கவும் கூடாது. புத்திசாலித்தனமான உத்தியைச் சொல்லும் 'இன்ஜீனியஸ்', கள்ளங்கபடமற்றவரைச் சொல்லும் 'இன்ஜெனியுவஸ்' இரண்டும் சேர்ந்து வந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். முதலாவது நான்காம் அறையைத் தொட்ட பிறகு மற்றதைத் தொடங்கலாம்.

வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டை போகும் நேரத்தில் இருபது அட்டை பார்க்கலாம், றப்பர் வளையம் போட்டுக் கொண்டுபோனால் சிதறாது. ஆனால் அது ஆங்கிலத்திலிருந்து பொருளை நினைவுபடுத்தும் பக்கத்துக்கு மட்டும். வசனம் நிரப்பும் பக்கத்துக்கு மேசையும் பேனையும் வேண்டும், மனதுக்குள் சொன்னால் எழுத்துப்பிழை பிடிபடாது.

ஓர் அட்டை நான்கு முறை முதலறைக்குத் திரும்பினால் அட்டையில்தான் பிழை என்று கொள்ளுங்கள். 'டிஸ்இன்ரறெஸ்ரட்' அட்டை அப்படித் திரும்பித் திரும்பி வந்தது. பின்னால் 'அக்கறையற்ற' என்று இருந்தது. அதைக் கிழித்துவிட்டு, 'பக்கச்சார்பற்ற' என்ற குறிப்போடு நீதிபதியைப் பற்றிய வசனமொன்றை எழுதிப் போட்டதும் ஐந்தாம் அறைவரை நேராகப் போனது.